நாமகிரித் தாயாரும் 26 இலக்கப் பகா எண்ணும்

கணித மேதை ராமானுஜன் பேச்சை எடுத்தால் நாமக்கல்லில் நாமகிரித் தாயார் பேச்சும் கூடவே வந்துவிடும். 1887இல் ஈரோட்டில் பிறந்த அவருடைய குடும்பம் வழிபட்ட தெய்வம் அவள். கனவில் சூத்திரங்களைக் காட்டியதும் அவளே என்பார்கள். நம்புகிறவர் நம்பட்டும். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்தபின் அது எவ்வளவு தூரம் போனது என்பதே பெரிய அதிசயம். 80561663527802406257321747 என்ற பகா எண் அதற்குச் சாட்சி. 1ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத 26 இலக்க எண் இது.

1916இல் ராமானுஜன் முடிவில்லாத ஒரு பெருக்கலை விரித்து, அதன் கெழுக்களை வரிசையாக ஆராய்ந்தார். இன்று அவற்றை ராமானுஜனின் டௌ எண்கள் என்கிறார்கள். 1, −24, 252, −1472, 4830, −6048 என்று தாறுமாறாகப் போகும் வரிசை. ஆனால் இரண்டாம் இடத்து −24ஐ மூன்றாம் இடத்து 252ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஆறாம் இடத்து −6048 வந்து நிற்கும். பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு இடங்களுக்கும் இது பொருந்தும் என்று அவர் கண்டுகொண்டார். மறு ஆண்டே கணிதர் மோர்டெல் அதை நிரூபித்தார். அப்படியானால் ஆறாம் இடம்போல இரண்டாகப் பிரியும் இடங்களில் பகா எண்ணைத் தேடிப் பயனில்லை, அங்கே இருப்பது பெருக்குத்தொகை. ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களைத் தவிர மற்ற இடங்களில் இரட்டைப்படை எண்களே வரும் என்பதும் தெரிந்ததே. (இரட்டைப்படையில் 2 மட்டுமே பகா எண், அது நாம் இங்கே பார்க்கும் எல்லைக்குள் தலைகாட்டுவதில்லை.) மிஞ்சுபவை 9, 25, 49, 81 போன்ற இடங்கள். ஒன்பதாம் இடத்தில் −113643, மூன்றால் வகுபட்டுவிடும். இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து, 251இன் வர்க்கமான 63001ஆம் இடத்தில்தான் முதல் பகா எண்ணாக மேலே சொன்ன 26 இலக்க எண் கிடைக்கிறது, கழித்தல் குறியை விட்டுவிட்டால். இதை 1965இல் அறிவித்தவர் அமெரிக்கக் கணிதர் டி. எச். லேமர்.

26 இலக்கமெல்லாம் ஒரு பெரிய எண்ணா என்று கேட்கலாம். 2024இல் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். ஆனால் அது சோதிக்க வசதியான வடிவம் என்பதாலேயே தேடப்பட்ட எண். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு. லேமரின் எண்ணை அதன் பருமனுக்காக யாரும் தேடவில்லை. ஏன் இந்த இடம், ஏன் இதற்கு முன்னால் இல்லை என்ற கேள்விக்கு ராமானுஜன் கண்ட பெருக்கல் விதி பெரும்பகுதி பதில் சொல்கிறது.

ராமானுஜனே பார்த்திராத எண்ணுக்கு அவருக்கு ஏன் பெருமை என்பது அடுத்த ஆட்சேபம். 1920இல் இறந்தவர் இதை அறிந்திருக்க வழியில்லைதான். ஆனால் விதியைக் கண்டவர் இல்லாமல், எந்த இடங்களை விட்டுவிடலாம் என்பதே லேமருக்குத் தெரிந்திருக்காது. கனவுக் கதையால் தர முடியாத விளக்கம் இது. −24ஐ 252ஆல் பெருக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளையும் இதன் முதல் படியைச் சரிபார்த்துவிடலாம்.

டௌ வரிசையில் எங்காவது பூஜ்யம் வருமா என்று லேமர் 1947இலேயே கேட்டிருந்தார். வராது என்றே எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை.