நிறைதொட்டியும் அதனைத் தாங்கும் மேசையும்

கூடத்திலே கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்க விரும்புவோர் மீனைப் பற்றி விசாரிப்பர். அதன் உணவைப் பற்றியும் விசாரிப்பர். தொட்டியை எதன்மீது வைப்பது என்பதைக் கடைசியிலேதான் எண்ணுவர். வீட்டிற் சும்மா கிடக்கும் மேசையோ, புத்தக அலுமாரியோ போதும் என்பது பலருடைய துணிபு. அது போதுமா என்பதை ஒரு சிறு கணக்கினால் ஆராய்வோம்.

4 அடி நீளமும், 1½ அடி அகலமும், 1½ அடி உயரமும் உடைய தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கனவளவு 9 கன அடி. ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே, விளிம்புவரை நிரப்பினால் நீர் மட்டுமே 250 கிலோகிராமுக்கு மேலாகும். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி ஏறக்குறைய 50 கிலோகிராம். மணலையுங் கூட்டினால் மொத்தம் 320 கிலோகிராமை அணுகிவிடும். வளர்ந்த மனிதர் ஐவர் மேசைமீது ஏறி, இரவும் பகலும் இறங்காது நிற்பதற்கு இது ஒப்பாகும். இறங்காது நிற்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. சில நிமிடம் பாரத்தைத் தாங்கிய பலகை ஆண்டுக்கணக்கிலும் தாங்குமென்று கொள்வதற்கில்லை. ஓயாத பாரத்தின் கீழ் மரம் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும்.

இனி, கால்களைப் பார்ப்போம். நேரே கீழ்நோக்கி அமுக்கும் பாரத்தைத் தாங்குவது மரத்துக்குப் பெரிய காரியமன்று. 2 அங்குலச் சதுரமான முதிரைக் கால்கள் நான்கு இப்பாரத்தை எளிதிலே சுமக்கும். ஆபத்து பக்கவாட்டில் இருந்தே வருகிறது. ஒருவர் தடுக்கிச் சாய்ந்தாலும், தவழும் குழந்தை பற்றி எழுந்தாலும், தொட்டி நீர் தளும்புகிறது; குறுக்குச்சட்டமில்லாத கால்கள் ஒருபுறமாகச் சரியத் தொடங்குகின்றன. சிறிது சரிந்ததும் பாரமே அச்சரிவை மேலும் வளர்த்துவிடும். எனவே, பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் மூலைக்கு மூலை சட்டமாவது, முழுப் பலகையாவது அறைதல் வேண்டும். மேற்சட்டங்கள் கால்களின் தலையிலே அமர்ந்திருக்க வேண்டும். ஆணிகளை மட்டும் நம்பிப் பக்கத்தில் அறைந்த சட்டத்தில், முழுப்பாரமும் அவ்வாணிகளிலேயே தொங்குகிறது. தச்சரிடம் இதை முன்னரே சொல்லிவிடுவது நன்று. சாதாரண மேசைக்கு அவர் இவ்வளவு பார்ப்பதில்லை.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவானது, பார்வைக்கும் அழகானது. ஆயினும் ஈரம் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். மீன்தொட்டி உள்ள இடத்தில் ஈரம் படாதிருக்குமா?

மேசை முறியாவிட்டாலும் தொட்டி வெடிக்கலாம். கண்ணாடி மரத்தைப்போல் வளைந்து கொடுப்பதன்று. மேசையின் ஒரு மூலை தாழ்ந்திருந்தால், தொட்டி முறுக்குண்டு, ஒட்டு விடும். அல்லது கண்ணாடி கீறும். அடிச்சட்டமில்லாத தொட்டியின் கீழே மெல்லிய ரெஜிபோம் தகடு விரித்தால் சிறு மேடுபள்ளங்கள் நிரவப்படும். மேசையே கோணலாயிருந்தால் அத்தகடு பயன்படாது. நிலத்தில் அமைந்த சீமெந்துத் தரையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பலகைத் தளமுள்ள மேல்மாடியாயின், சுவரோரமாக, தளத்தைத் தாங்கும் மரங்கள் பலவற்றின் குறுக்கே தொட்டி அமையுமாறு வைத்தல் வேண்டும்.

மீனை விடுமுன் வெறும் நீரைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். முதலிற் பாதியளவு நிரப்பி, நான்கு மூலைகளிலும் நீர்மட்டம் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு தாழ்ந்துள்ளதென்று அளந்து குறியுங்கள். மறுநாள் முழுவதும் நிரப்பி மீண்டும் அளவுங்கள். மூலைக்கு மூலை அளவு வேறுபட்டால், நீரை முற்றாக இறைத்த பின்னரே காலுக்கு ஆப்பு வைக்க வேண்டும். நிறைந்த தொட்டியை அசைக்க முயலலாகாது.