கண்டெய்னருக்கு சீல் பார்க்கிறோம். பில் போடும் கணினிக்கு?

சென்னைத் துறைமுகத்திலிருந்தோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்தோ பருப்புக் கண்டெய்னர் வந்து நின்றால், மொத்த வியாபாரி முதலில் பார்ப்பது கதவில் உள்ள சீலைத்தான். அதன் எண்ணும் பில் ஆஃப் லேடிங்கில் உள்ள எண்ணும் ஒத்திருந்தால்தான் கதவைத் திறக்கச் சம்மதிப்பார்.

ஆனால் நம்மில் பலர், பில் போடும் கணினியில் யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த மென்பொருளை அப்படியே ஏற்றிக்கொள்கிறோம். "வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை" என்று திரை எச்சரிக்கும். "அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணாச்சி, எஸ் கொடுங்க" என்பார் வந்தவர். நாமும் அமுக்கிவிடுகிறோம். வாடிக்கையாளர் பற்று, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு அத்தனையும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது.

இந்த அலட்சியம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதை 2017 ஜூன் 27 காட்டியது. உக்ரைன் நாட்டில் வரிக்கணக்குக்குப் பலரும் பயன்படுத்திய எம்.இ.டாக் மென்பொருளின் புதுப்பிப்பு வழியே நாட்பெட்யா என்ற நாச நிரல் புகுந்து பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் அதில் சிக்கவே, மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனம் நடத்திய கண்டெய்னர் முனையத்திலும் வேலை முடங்கியது.

மென்பொருளுக்கும் சீல் உண்டு. அதைக் 'கோட் சைனிங்' என்கிறார்கள். நிரலை எழுதி, நிறுவத்தக்க கோப்பாகக் கட்டியதும், அக்கோப்பைக் கணக்கிட்டு ஒரு சுருக்க எண் எடுக்கப்படும். தயாரிப்பாளர் தம்மிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியைக் கொண்டு அதில் கையொப்பமிடுவார். பிறகு யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் ஒத்துப்போகாது. சாவி இன்னாருடையது என்பதை விசாரித்துச் சான்றிதழ் தரத் தனி நிறுவனங்கள் உள்ளன. 2023 ஜூன் முதல் இச்சாவியை யு.எஸ்.பி. டோக்கன் போன்ற பாதுகாப்புக் கருவியிலேயே வைக்க வேண்டும் என்பது விதி. நம் ஆடிட்டர் கையொப்பத்துக்கு வைத்திருக்கும் டோக்கனைப் போன்றதே இது.

கணினி நிறுவனங்களின் ஸ்டோர்களில் விற்கவும் இந்த சீல் தேவை. ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கான ஆப் ஸ்டோரை 2011 ஜனவரியில் திறந்தது. அங்கே ஆப்பிள் தரும் சான்றிதழால் கையொப்பமிட்டு, அதன் பரிசீலனையிலும் தேறினால்தான் இடம். மைக்ரோசாப்ட் ஸ்டோருக்கு எம்.எஸ்.ஐ.எக்ஸ். பொதியாக அனுப்பினால் அந்நிறுவனமே கையொப்பமிட்டுத் தருகிறது. இ.எக்ஸ்.இ. கோப்பாக அனுப்பினால் தயாரிப்பாளரே சான்றிதழ் வாங்கிக் கையொப்பமிட வேண்டும். ஆகவே "சான்றிதழ் செலவு கட்டாது" என்று சொல்லும் சிறு தயாரிப்பாளருக்கும் வழி இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. மூட்டையில் சீல் இருப்பதாலேயே உள்ளே வண்டு இல்லை என்றாகிவிடாது. 2017 ஆகஸ்டில் வெளிவந்த சிசிகிளீனர் 5.33 பதிப்பு முறையான கையொப்பத்துடனேயே தீங்கு நிரலைச் சுமந்து வந்தது. இது யாருடைய சரக்கு, வழியில் யாரும் பிரித்தார்களா என்பதை மட்டுமே சீல் சொல்லும்.

எனவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பணம் கொடுக்குமுன், மென்பொருளில் கையொப்பம் உண்டா, யார் பெயரில் என்று கேளுங்கள்.

2. விண்டோஸில் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்டீஸ்' சென்றால் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியில் பெயர் தெரியும். அந்தப் பகுதியே இல்லையென்றால் கோப்பில் சீல் இல்லை.

3. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

4. தினமும் கடை சாத்துமுன் கணக்கை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

ஒரு கடைக்காரர் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், கையொப்பமிட்ட மென்பொருளையே கொண்டுவருவார்கள்.