சிறிய பெட்டி, இரண்டு வேலை

இரவில் குடும்பத்துக்குத் திரைப்படம் காட்ட வேண்டும். பகலில் நீங்கள் எடுத்த புகைப்படங்களைத் திருத்த வேண்டும். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அடங்கும் ஒரே கணினி இரண்டையும் செய்யும். சிம் லிம் ஸ்குவேருக்குப் புறப்படுமுன் பட்டியலைச் சரியாகப் போடுங்கள்.

முதலில் பெட்டி. மினி-ஐடிஎக்ஸ் தாய்ப்பலகை 17 சென்டிமீட்டர் சதுரம்தான். ஆனால் குளிர்விப்பானின் உயரமும் பவர் சப்ளையின் அளவும் பெட்டிக்குள் அடங்குமா என்று பாருங்கள். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும். படம் பார்க்கும்போது இரைச்சல் இருக்காது.

அடுத்து செயலி. 4கே படம் பார்க்கத் தனி கிராஃபிக்ஸ் அட்டை தேவையில்லை. அண்மைக்காலச் செயலிகளுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸே போதும். இன்டெல் செயலியின் எண் 'எஃப்' என்று முடிந்தால் மட்டும் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. கவனம்!

மிச்சமாகும் பணத்தை நினைவகத்தில் போடுங்கள். 24 மெகாபிக்சல் புகைப்படத்தை 16 பிட் தரத்தில் திருத்தினால், ஓர் அடுக்குக்கே ஏறத்தாழ 144 மெகாபைட் வேண்டும். சிறிய பலகையில் பெரும்பாலும் இரண்டு நினைவக இடங்களே இருக்கும். இன்று இரண்டு 8 கிகாபைட் வாங்கினால், பின்னர் கூட்டும்போது அவற்றைக் கழற்றிவிட வேண்டியதுதான். தொடக்கத்திலேயே இரண்டு 16 கிகாபைட் வாங்குவது சிக்கனம்.

கடைசியாகத் திரை. தொலைக்காட்சி பெரும்பாலும் நிறங்களைக் கூட்டிக் காட்டும். எஸ்ஆர்ஜிபி நிறங்களை முழுமையாகக் காட்டும் கணினித் திரைக்குப் பணம் ஒதுக்குங்கள். திரை பொய் சொன்னால், அச்சில் முகங்களின் நிறம் மாறிவிடும். எவ்வளவு வேகமான செயலியும் அதைச் சரிசெய்யாது.