மலையிறங்கும் பழைய கார்

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அறிவீர்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962-இல் இங்கிலாந்தில் பிறந்ததே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். நெடுந்தொலைவு ஓடிய இத்தகைய கார்களில் பலரும் எஞ்சினையே பேணுவர். உயிர் காப்பதோ பிரேக்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நாளடைவில் அதன் கொதிநிலை தாழும். சித்தூரிலிருந்து திருப்பதி வரும்வரை இக்குறை வெளிப்படாமலே இருக்கலாம். ஆனால் திருமலையினின்று, 1944-இல் திறந்த மலைப்பாதை வழியே, பிரேக்கை ஓயாது மிதித்து இறங்கினால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது!

ஆகவே, ஈராண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். ஓட்டத்தினும் நிறுத்தமே பெரிது!