மணலில் சிக்கிய வண்டியை மீட்க... பலகையா? பால ஏணியா? மாற்றிப் போட்டால் ஆபத்து!

தேரிக்காட்டு செம்மணலோ, மழையில் நனைந்த வயல் பாதையோ... டயர் புதைந்துவிட்டால் பல டிரைவர்கள் ஆக்சிலேட்டரைத்தான் மிதிக்கிறார்கள். மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழேதான் இறங்கும்.

ஜீப், பிக்கப் வண்டிகளை மீட்க 2 வகை சாமான்கள் விற்கின்றன. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு.

பிடிமானப் பலகை

பிளாஸ்டிக்கால் ஆனது. மேலே முள் முள்ளாக இருக்கும். எடை குறைவு. டயர் முன்னால் உள்ள மண்ணைத் தோண்டிவிட்டு, சாய்வாகச் செருகி, மெதுவாக ஏற்ற வேண்டும். டயர் வேகமாகச் சுற்றினால் முள் உருகிவிடும். இதற்கு அடியில் தரை இருந்தாக வேண்டும். வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டால் உடைந்து வண்டி கவிழலாம்!

பால ஏணி

அலுமினியம் அல்லது இரும்பு. பள்ளத்தின் இரு கரையிலும் நன்றாகப் பதியும் நீளம் வேண்டும். விலையும் எடையும் அதிகம்.

எப்படி வாங்குவது?

லோடோடு சேர்த்துக் கணக்குப் போடுங்க. பின் அச்சில் 1,200 கிலோ இறங்கினால் ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. ஒவ்வொரு ஏணியும் அதைவிட நன்றாகவே கூடுதல் எடை தாங்க வேண்டும். தாங்கும் எடை எழுதாத சாமானை வாங்காதீங்க.

மணலில் டயர் காற்றைக் குறைத்தாலே பல நேரம் வண்டி வெளியே வந்துவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்று அடிக்க வேண்டும்.

வண்டி கிளம்பும்போது முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது. டயர் சுற்றும் வேகத்தில் பலகை தெறித்து வந்தால் கால் எலும்பு முறிந்துவிடும்.