நிலத்திற்கு வந்த ஐம்பொறி

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவு பற்றி ஆறு வகைப்படுத்துகின்றது. உற்றறிவில் தொடங்கிச் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மனம் என்னும் ஆறாம் அறிவில் அவ்வைப்பு முடிகின்றது. ஐம்பொறியுள் செவி இறுதியில் நிற்பது ஈண்டுக் கருதத்தக்கது. உயிர்கள் படிப்படியாக வளர்ந்த வரலாற்றைத் தமிழர் அன்றே கண்டனர் என்பதற்கு இவ்வைப்பைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை, முதுகெலும்புடைய உயிர்கள் நீர்விட்டு நிலம் புகுந்த வரலாற்றோடு வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வரலாற்றை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தேனி மாவட்டத்தில் பழனிமலையின் தென்னடியில் கெங்குவார்பட்டி என்னும் ஊர் உள்ளது. மலையில் எலிவால் அருவியாக வீழும் மஞ்சளாறு அப்பகுதியில் சமவெளியை அடைந்து, பின்னர் வையையில் கலக்கின்றது. மழைக்காலத்தில் அத்தகைய மலையடி ஊர்களின் குட்டைகளில் தலைப்பிரட்டைகளைக் காணலாம். தலைப்பிரட்டை செவுளால் மூச்சு விடுகின்றது; வாலால் நீந்துகின்றது; உடலின் பக்கங்களில் வரிசையாக அமைந்த நுண்ணுறுப்புகளால் நீரின் அசைவை உணர்கின்றது. கண்ணிமையும் செவிப்பறையும் அதற்கு இல்லை. சில வாரங்களில் கால் முளைத்து வால் மறைகின்றது. நுரையீரல் மூச்சை ஏற்கின்றது. கண்ணுக்கு இமை வருகின்றது. கண்ணின் பின்னே வட்டமான செவிப்பறை தோன்றுகின்றது. நீரசைவை உணரும் உறுப்புகள் பெரும்பாலான தவளைகளில் அழிகின்றன. இது பண்டை வரலாற்றின் நேர்ப்படி அன்று. எனினும், நீர்வாழ்விற்கும் நிலவாழ்விற்கும் இடையே உடல் எவ்வெவ் வகையில் மாற வேண்டும் என்பதை ஒரே உயிரில் நமக்குக் காட்டுகின்றது.

பண்டை வரலாற்றைப் புதைபடிவங்கள் உணர்த்துகின்றன. கனடாவின் வடகோடியிலுள்ள எல்சுமியர் தீவில் 2004-இல் கண்டெடுக்கப்பெற்று 2006-இல் உலகிற்கு அறிவிக்கப்பெற்ற திக்தாலிக்கு என்னும் உயிர், ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழமையுடையது. அதற்குச் செதிலும் துடுப்பும் இருந்தன. தலையைத் திருப்பும் கழுத்தும், துடுப்பினுள் மணிக்கட்டை ஒத்த எலும்புகளும் இருந்தன. கிரீன்லாந்தில் கிடைத்த அகந்தோசுடேகா, அதற்கு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு பிற்பட்டது. அதன் முன்காலில் எட்டு விரல்கள் உள. ஆயினும் செவுளும் இருந்தது. ஆதலின் கால் என்னும் உறுப்பு நிலத்தில் நடப்பதற்கென்றே தோன்றியதன்று. நீரில் தோன்றிப் பின்னர் நிலத்திற்குப் பயன்பட்டது என்பது போதரும்.

பொறிகளின் நிலையும் அத்தகையதே. மீனின் கண்ணில் ஒளியை வளைப்பது உருண்டையான வில்லையே ஆகும். நீருள் விழிவெண்படலத்தின் முன்பரப்பு ஒளியைப் பெரிதும் வளைப்பதில்லை. காற்றில் அப்பரப்பே முதன்மைப் பணியை ஏற்கின்றது. கண் உலராதிருக்க இமையும் கண்ணீரும் வேண்டியவாயின. நீரில் கரைந்த மணத்தை அறிந்த மூக்கு, காற்றில் வரும் மணத்தைத் தன் ஈரப்படலத்தில் ஏற்று அறியலாயிற்று.

செவியின் வரலாறே இவற்றுள் நெடிது. மீனுக்கும் அகச்செவி உண்டு. மீனின் உடல் ஏறத்தாழ நீரின் அடர்த்தியே உடையதாதலின், நீரில் வரும் ஒலி அவ்வுடலினூடே எளிதில் செல்லும். காற்றில் வரும் ஒலியோ நீர்ப்பரப்பிற் பட்டால், அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே உட்புகும். அகச்செவி நீர்மம் நிரம்பியதாகலின் இத்தடை அதற்கும் உண்டு. அதனைக் கடக்க அகன்ற செவிப்பறையும், அதன் அதிர்வைச் சிறுவாயில் ஒன்றிற் குவிக்கும் எலும்பும் வேண்டும். அவ்வெலும்பும் புதிதாகப் பிறந்ததன்று. மீனில் தாடையைத் தாங்கிய எலும்பே சிறுத்துச் செவியை அடைந்தது. அகந்தோசுடேகாவில் அது தடித்த நிலையிலேயே இருந்தது. காற்றொலிக்குரிய செவிப்பறை, கால் தோன்றிப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின்னரே, தவளை, ஊர்வன, பாலூட்டி ஆகியவற்றின் முன்னோரிடத்துத் தனித்தனியே அமைந்தது என்பது இற்றை ஆய்வாளர் பலரின் துணிபு.

பெற்ற பொறியை மீண்டும் இழந்த உயிர்களும் உள. பாம்பிற்குச் செவிப்பறை இல்லை. அதன் செவியெலும்பு தாடையோடு இணைந்து நில அதிர்வை அகச்செவிக்குக் கொண்டு செல்கின்றது. பழனிமலையின் பெயரைத் தன் அறிவியற் பெயரிற் கொண்டதும், 1863-இல் பெடோம் என்பார் விளக்கியதுமான மண்வாழ் பாம்பும் இவ்வினத்ததே. புறச்செவி இன்மையை நம் முன்னோர் நோக்கியிருந்தனர் என்பதற்குக் கட்செவி என்னும் சொல்லே சான்று. கண்ணே செவி என்ற விளக்கம் பொருந்தாதாயினும், அச்சொல்லைப் பிறப்பித்த கூர்நோக்குப் பொய்யன்று.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை காண்போம். காற்றொலி கேட்கும் ஆற்றல் பிற்பட்டு அமைந்ததும், மரபியலில் கேள்வி ஐந்தாவதாக நிற்பதும் ஒத்துக் காணப்படுகின்றன. ஆயின் இவ்வொப்புமை கொண்டு முன்னைய கூற்றை ஏற்றல் இயலாது. மரபியல் கூறுவது வகைப்பாடு. ஓர் உயிரினின்று மற்றோர் உயிர் தோன்றிய முறைமை அன்று. மேலும், மீனிடத்தேயே ஐம்பொறியும் உள்ளன. நிலத்தில் அவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தனவல்ல. இருந்தவையே காற்றிற்கேற்பத் திருத்தம் பெற்றன. ஊறு முதல் கேள்வி ஈறான இவ்வரிசை சமண நூல்களிலும் காணப்படுதலின், இந்தியச் சிந்தனை மரபோடு வைத்தே அதனை ஆராய்தல் முறையாகும்.

இல்லாத பெருமையை ஏற்றிக் கூறின், உள்ள பெருமை மறையும். புல்லையும் மரத்தையும் உற்றுணரும் உயிராகக் கொண்டமையும், உயிர்களை உருவாலன்றி அவை உலகை அறியும் திறத்தால் வகுத்தமையும் மரபியலின் உண்மைச் சிறப்புகள். அவற்றை உணர்த்த, அந்நூலில் இல்லாத கொள்கை எதுவும் வேண்டுவதில்லை.