ஒரு வெள்ளி குறையாமல் போய்ச் சேர

கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் சேலைக்கடையோ பூக்கடையோ, கல்லாவின் பக்கத்தில் இளஞ்சிவப்பு நிற அட்டை ஒன்றைப் பார்க்கலாம். அதிலுள்ள கறுப்புக் கட்டங்களுக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தால் மல்லிகைச் சரத்துக்கான இரண்டு வெள்ளியும் நொடியில் போய்விடும். அறிவுப் பணிகளுக்குக் கொடுப்பதும் இவ்வளவு எளிதாக வேண்டும். அதற்கு இந்தக் கட்டங்களின் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது.

கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க, ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் 1994இல் உருவாக்கியதே இந்தக் கியூஆர் குறியீடு. மூன்று மூலைகளிலுள்ள பெரிய சதுரங்கள், எந்தப் பக்கமாகப் பிடித்தாலும் கேமராவுக்குத் திசை காட்டும். உச்ச அளவுப் பிழைதிருத்தத்தோடு அச்சிட்டால், 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படிக்க முடியும்.

கடையிலுள்ள குறியீட்டுக்குள் பணம் இல்லை, முகவரிதான் இருக்கிறது: பெறுபவரின் அடையாள எண், நாடு, ரிங்கிட்டுக்கான 458 என்ற நாணய எண். கடைசி நான்கு எழுத்துகள், மற்றவை சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிக்க. விரும்பினால் தொகையையும் உள்ளேயே எழுதிவிடலாம். முன்பு ஒவ்வொரு வங்கிக்கும் மின்பணப்பைக்கும் தனித்தனி அட்டை இருந்தது. மலேசியாவின் பேநெட் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த டூயிட்நவ் கியூஆர், எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை போதும் என்றாக்கியது.

இனி அறிவுப் பணிகளுக்கு வருவோம். விக்கிப்பீடியா விளம்பரம் வாங்குவதில்லை; பெரும்பாலும் வாசகர்களின் சிறு நன்கொடைகளில்தான் நடக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அந்த நிழலில் வளர்ந்ததே. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டத்துக்கும் புலம்பெயர்ந்தோரின் கொடை பெருந்துணை. இத்தகைய பணிக்கு ஐந்து வெள்ளி தர நினைப்பவரிடம் வங்கி அட்டையின் 16 இலக்கங்களையும் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டால், பாதி வழியிலேயே கை ஓய்ந்துவிடும். போதாததற்குக் கட்டணம் வேறு. ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளி பிடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நூறு வெள்ளியில் அது நூற்றில் ஒரு பங்கு; ஐந்து வெள்ளியிலோ ஐந்தில் ஒரு பங்கு. சிறு கொடைக்குத்தான் இழப்பு அதிகம்.

நன்கொடை கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினித் திரையில் தெரியும் குறியீட்டைக் கைப்பேசியால் படிக்கலாம். ஆனால் கைப்பேசியிலேயே வாசிப்பவர், அதன் திரையை அதே கைப்பேசியால் எப்படிப் படிப்பார்? படத்தைச் சேமித்து வங்கிச் செயலியில் திறக்கும் வழியை அருகிலேயே தமிழில் எழுதிவைக்க வேண்டும். கொடுப்பவர்களும், பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயர் அந்த அமைப்பின் பெயர்தானா என்று பார்த்துவிட வேண்டும். அசல் அட்டைமேல் வேறு குறியீட்டை ஒட்டி ஏமாற்றுவோரும் உண்டு.

சிறு கொடை நமக்குப் புதிதல்ல. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெறுவதற்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். உழைப்பாளிகளும் கொடுத்தார்கள். அங்கே 1956இல் இந்தியவியல் துறை உருவானது. நூல்கள் வாங்க அந்த நிதி உதவியது. ஒரு வெள்ளி தரும் மனம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஒரு கட்டுரையைப் படித்து முடித்து மனம் நிறையும் இடத்திலேயே அந்தக் கறுப்புக் கட்டங்களும் இருந்தால், அந்த வெள்ளி அங்கேயே போய்ச் சேரும்.